சின்ன டீசல் கார் யாருக்கு?

டீசல் கார் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்த பிறகு நிற்காமல் எவ்வளவு நேரம் ஓடும் என்றுதான் முதலில் கேட்பேன். மாதம் எத்தனை கிலோமீட்டர் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரே அளவு தூரம் ஓட்டும் இரண்டு பேரில் ஒருவருக்கு டீசல் கார் கனகச்சிதமாகப் பொருந்தும், இன்னொருவருக்கு அதே கார் ஒரு வருடத்தில் தலைவலியாகிவிடும், ஏனென்றால் முதல் ஆளுக்கு அந்தத் தூரம் ஒரே மூச்சில் வருகிறது, இரண்டாவது ஆளுக்கு இரண்டு கிலோமீட்டர் மூன்று கிலோமீட்டராகத் துண்டு துண்டாக வருகிறது.

எங்கள் வீட்டில் ஒரே மூச்சில் வருகிறது. குடியிருப்பது திண்டுக்கல்லில். மனைவிக்கு ஒட்டன்சத்திரம் தாண்டி ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை வேலை. பழனி ரோட்டில் ஏறிவிட்டால் முக்கால் மணி நேரம் வண்டி பெரும்பாலும் நாலாவது, ஐந்தாவது கியரிலேயே போகும். அவருடன் அதே பள்ளியில் வேலை பார்க்கும் இரண்டு ஆசிரியைகளும் வருகிறார்கள், டீசல் காசை மூவரும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அவ்வப்போது உசிலம்பட்டியில் அம்மாவைப் பார்க்கப் போவோம், லீவு கிடைத்தால் கொடைக்கானல். முன்பு இருந்த பழைய பெட்ரோல் கார் இந்த ஓட்டத்துக்குத் தாங்கவில்லை, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம் என்ற நிலைக்கு வந்திருந்தது. ஓட்டப்போவது அவர் என்பதால் எந்த வண்டி என்பதையும் அவரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் கேட்டது மூன்றுதான்: பள்ளி வாசலில் திருப்பி நிறுத்துகிற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும், நடுவழியில் நின்றால் ஒட்டன்சத்திரம் பட்டறையிலேயே சாமான் கிடைக்க வேண்டும், மாதக் கடைசியில் பெட்ரோல் பங்குக்குப் போகப் பயமாக இருக்கக் கூடாது.

டீசல் இன்ஜின் ஏன் குறைவாகக் குடிக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் அதன் நல்லதும் கெட்டதும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே போய், ஸ்பார்க் பிளக் பொறியில் எரிகின்றன. டீசலில் பிளக் பொறியே கிடையாது. வெறும் காற்றைப் பதினாறு பதினேழில் ஒரு பங்காக நசுக்குவார்கள், அந்த நசுக்கலிலேயே காற்று பழுக்கச் சூடாகிவிடும், அதற்குள் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். இப்படி அதிகமாக நசுக்குவதால் எரிபொருளின் சூட்டிலிருந்து அதிக வேலையைக் கறக்க முடிகிறது. பெட்ரோல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது காற்றுவழியைப் பாதி மூடிவைத்துக்கொண்டு திணறி மூச்சிழுக்கும், டீசலுக்கு அந்த வீண் உழைப்பும் இல்லை. போதாததற்கு ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் ஆற்றலே ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது, எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, ஆக அந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

கெட்டது என்னவென்றால், அத்தனை அழுத்தத்தையும் தாங்கும்படி எல்லாவற்றையும் கனமாகவும் நுணுக்கமாகவும் செய்ய வேண்டியிருக்கிறது. நம் கார் டயரில் அடிக்கும் காற்றின் அழுத்தம் 'பார்' என்ற அளவில் இரண்டைச் சற்றுத் தாண்டும். எல்லா சிலிண்டருக்கும் ஒரே குழாயில் டீசலைத் தேக்கித் தரும் இன்றைய காமன் ரெயில் இன்ஜினில், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல். அந்த இடத்தில் ஒரு துளி தண்ணீரோ தூசியோ போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டீசல் வண்டியில் செலவு வந்தால் பெரிதாக வருவது அதனால்தான்.

நம் ஊரில் சின்ன டீசல் கார் என்ற பேச்சை ஆரம்பித்து வைத்தது 1998-ல் வந்த டாடா இண்டிகா. ஆனால் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது இத்தாலிய ஃபியட் 2003-ல் கொண்டுவந்த 1.3 மல்டிஜெட் இன்ஜின். 1,248 சி.சி., வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். 2007 ஜனவரியில் மாருதி ஸ்விஃப்டில் டீடிஐஎஸ் என்ற பெயரில் வந்தது, அப்புறம் டிசையர், ரிட்ஸ், டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று கம்பெனி வித்தியாசமில்லாமல் எல்லாவற்றிலும் ஏறியது. அந்தக் காலத்து விலை வித்தியாசமும் சாதாரணமானதில்லை. பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசு 2010-லேயே எடுத்துவிட்டது, டீசலுக்கு எடுக்கவில்லை, 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்குள் இருந்தது. லிட்டருக்கு முப்பது ரூபாய் மிச்சம் என்றால் யார்தான் பெட்ரோல் வாங்குவார்கள்? அந்த வருடங்களில் விற்ற கார்களில் ஏறக்குறைய பாதி டீசல். 2013 ஜனவரியிலிருந்து மாதம் 50 பைசா என்று ஏற்றிக்கொண்டே வந்து 2014 அக்டோபரில் டீசல் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது, சின்ன இன்ஜினில் அதற்கான சாமான்களை ஏற்றினால் விலை கட்டுப்படியாகாது என்று மாருதி ஒட்டுமொத்தமாக டீசலை நிறுத்திக்கொண்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள், கடைசியில் புதிதாக வாங்க டாடா அல்ட்ராஸ் ஒன்றுதான் டீசல் ஹேட்ச்பேக்காக மிஞ்சியது.

ஆகவே எங்களைப் போன்றவர்களுக்குக் கையில் இருந்த வழி அதற்கு முந்தைய பிஎஸ்-4 விதிக் காலத்து பழைய வண்டி. அதில் பார்த்தவற்றைப் பற்றி என் அபிப்பிராயம் இது. செவ்ரோலே பீட் டீசல் 936 சி.சி., மூன்று சிலிண்டர், சிக்கனத்தில் குறை சொல்ல முடியாது, விலையும் அடிமாட்டு விலைக்கு வரும், ஆனால் அந்தக் கம்பெனி 2017-லேயே இங்கே கார் விற்பதை நிறுத்திவிட்டது, தினமும் வேலைக்குப் போகிற வண்டிக்கு அந்த ரிஸ்க் வேண்டாம். ஃபோர்டு ஃபிகோவின் முதல் மாடல் நம் மறைமலை நகரில் செய்த வண்டி, ஓட்டுவதற்கு அருமையாக இருக்கும், ஃபோர்டும் 2021-ல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. டொயோட்டா எட்டியோஸ் லிவா 1.4 டீசலை நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன், கிடைப்பதுதான் அபூர்வம், கிடைத்தாலும் பாதிக்கு மேல் ஓட்டித் தேய்த்தவை. ஹூண்டாய் கிராண்ட் ஐ10-ல் வந்த 1.1 லிட்டர் டீசல் டவுனுக்குள் சுகம், ஹைவேயில் நாலு பேரோடு ஏறி முந்தும்போது மூச்சு வாங்கும். போலோ, மைக்ரா போல டைமிங் பெல்ட் உள்ள வண்டி என்றால், பெல்ட் எப்போது மாற்றியது என்று பில்லோடு காட்டச் சொல்லுங்கள், பில் இல்லாவிட்டால் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும்.

நாங்கள் எடுத்தது 2015 மாடல் ஸ்விஃப்ட் விடிஐ. விலை நாலு லட்சத்தை ஒட்டி வந்தது. எடுப்பதற்கு முன் திண்டுக்கல், மதுரை கார் கன்சல்டிங் கடைகளில் பார்த்த வண்டிகள் நிறைய. வெளியே பாலிஷ் போட்டுப் பளபளவென்று நிற்கும், மீட்டரில் எழுபதாயிரம் காட்டும், கிளட்ச் பெடல் ரப்பரைப் பார்த்தால் வழுவழுவென்று தேய்ந்து இரும்பு தெரியும். எழுபதாயிரத்தில் அப்படித் தேயாது. அங்கே ஒரு நிமிஷம்கூட நிற்கத் தேவையில்லை. வண்டி நம்பரைக் கொடுத்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரத்தைப் பார்த்துச் சொல்வார்கள், எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று அதில் இருக்கும், மீட்டரைக் குறைத்து வைத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

வண்டி பார்க்க எங்கள் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் தம்பி என்று கூப்பிடுகிற வயசுதான், டீசல் வண்டி மட்டும் பார்க்கிறவர். அவர் போட்ட முதல் நிபந்தனை: "அண்ணே, நாம போறதுக்கு முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ணி வைக்கக் கூடாதுன்னு பார்ட்டிகிட்ட சொல்லிருங்க." போனதும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பானெட் மேல் கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது, சரி என்று தலையாட்டினார். சூடான டீசல் இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும், காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் அதன் உண்மையான குரல் கேட்கும். சாவியைத் திருப்பி டாஷ்போர்டில், இன்ஜினுக்குள் முன்கூட்டியே சூடேறுவதைக் காட்டும் அந்தச் சுருள் விளக்கு அணையும்வரை பொறுத்து ஸ்டார்ட் செய்தார். ஒரே கிராங்கில் பிடித்தது. சைலன்சர் பக்கம் என்னை நிற்க வைத்திருந்தார், லேசாகப் புகை வந்து அடங்கியது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, டர்போவோ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி) பிஸ்டன் ரிங்கோ போயிருக்கலாம். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது திக்காகக் கரும்புகை வந்தால் இன்ஜெக்டரையோ ஏர் பில்டரையோ, புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வையோ சந்தேகப்பட வேண்டும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அந்தத் துளையின் மேல் சும்மா வைத்தார். மூடி லேசாக ஆடியது, அவ்வளவுதான். தேய்ந்த இன்ஜினாக இருந்தால் உள்ளிருந்து வரும் காற்று மூடியைத் தூக்கித் தூக்கிப் போடும், துளையிலிருந்து ஸ்டீம் மாதிரி புகை எழும்பும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். அடுத்து டார்ச் அடித்து நாலு இன்ஜெக்டரின் அடிப்பக்கத்தையும் பார்த்தார். அங்கே தார் ஊற்றிக் காய்ந்தது போலக் கரி திரண்டிருந்தால் வாஷர் வழியாகப் புகை கசிகிறது என்று அர்த்தம், கவனிக்காமல் விட்டால் இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிடும். இந்த வண்டியில் ஒன்றில் மட்டும் லேசான கரி இருந்தது, அதைக் காட்டியே விலையில் கொஞ்சம் குறைத்தோம். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்த வண்டிக்காரர், ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று நாங்கள் சொல்லிவிடுவோமோ என்று சங்கடப்பட்டார். டீசலில் ஆயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும், அது குறையே இல்லை.

தாள்களைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஆர்சி புக்கில் லோன் பதிவு இருந்தால் பேங்க் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), லோன் பதிவை நீக்குவதற்கான பாரம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு வந்த தடையால் அங்கிருந்து மலிவு விலையில் நம் பக்கம் வண்டிகள் வந்திருக்கின்றன, தடை நமக்குக் கிடையாது என்பது உண்மைதான், ஆனால் என்ஓசி வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பர் மாற்றும் செலவையும் அலைச்சலையும் கூட்டினால் அந்த மலிவு எங்கே போனது என்று தெரியாது.

இப்போது காசுக் கணக்கு. 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய்க்குச் சற்று மேல், டீசல் 92 ரூபாய்க்குச் சற்று மேல் என்று நின்றது, அதையே வைத்துக்கொள்வோம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் வீட்டில் 15 கொடுக்கும் பெட்ரோல் வண்டிக்கு 100 லிட்டர், பத்தாயிரம் ரூபாய். 20 கொடுக்கும் டீசலுக்கு 75 லிட்டர், ஏழாயிரத்துக்குள். மாதம் மூவாயிரத்துக்கு மேல், வருடத்துக்கு 36,000-க்கு மேல் மிச்சம். ஆயில், டீசல் பில்டர் என்று சர்வீஸில் கூடுதலாகப் போவதைக் கழித்தாலும் நல்ல மிச்சம்தான். இதுவே மாதம் 600 கிலோமீட்டர் ஓடும் வீடு என்றால் வருடத்துக்குப் பதினைந்தாயிரம் மிஞ்சினால் அதிகம், இன்ஜெக்டர் ஒன்று போனால் அதற்கே பத்தாயிரத்தைத் தாண்டும், டர்போ போனால் இரண்டு வருட மிச்சம் ஒரே பில்லில் போய்விடும். அந்த ஸ்விஃப்டுக்கு கம்பெனி அன்று சொன்ன மைலேஜ் 25.2. எங்களுக்கு பழனி ரோட்டில் 21, 22 கிடைக்கிறது, டவுனுக்குள்ளேயே சுற்றினால் 17. டேங்க் 42 லிட்டர், ஃபுல் அடித்தால் இரண்டு வாரத்துக்குப் பங்குப் பக்கம் போக வேண்டியதில்லை.

டவுனுக்குள் மட்டும் ஓட்டுகிறவர்கள் டீசல் வாங்க வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காசு மட்டும் காரணமில்லை. பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் சைலன்சருக்கு முன்னால் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. புகையிலுள்ள கரித்துகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும், நிறைந்ததும் 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி அந்தக் கரியை எரித்துச் சாம்பலாக்கும். அதற்கு வண்டி ஒரே சீராக ஒரு பதினைந்து இருபது நிமிஷமாவது நல்ல வேகத்தில் ஓட வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, காய்கறி வாங்கி, வீட்டுக்கு வந்து அணைக்கிற வண்டியில் இன்ஜின் சூடாவதற்கே நேரம் போதாது. எரிக்க ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோகும், சூடேற்றுவதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும், ஆயில் நீர்த்துப்போகும். கொஞ்ச நாளில் டாஷ்போர்டில் விளக்கு எரியும், வண்டி வேகம் எடுக்காது, சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் விட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மைலேஜ் என்ற ஒரே வார்த்தையை நம்பி ஷோரூமில் டீசல் எடுத்து இப்படித்தான் அல்லாடியது, தினமும் எவ்வளவு தூரம் ஓடும் என்று விற்றவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பிஎஸ்-4 வண்டியில் டிபிஎஃப் இல்லை என்றாலும் ஈஜிஆர் வால்வில் கரி அடைப்பது இதே காரணத்தால்தான். "டீசல் வண்டி ஓடினாத்தாண்ணே நல்லா இருக்கும்" என்று எங்கள் மெக்கானிக் சொல்வதில் இத்தனை விஷயம் அடங்கியிருக்கிறது. டவுன் ஓட்டத்துக்கு சிஎன்ஜி இருக்கிறது, பேட்டரி கார் இருக்கிறது, சின்ன பெட்ரோல் கார்களும் நன்றாகவே வருகின்றன.

ஓட்டுவதில் பெட்ரோலிலிருந்து வருகிறவர்களுக்குப் பழக வேண்டியது டர்போ. இந்த இன்ஜினில் 2,000 ஆர்பிஎம்முக்குக் (நிமிஷத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) கீழே வண்டி சவசவவென்று கிடக்கும், அதைத் தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ தள்ளியது போலக் கிளம்பும். கொடைக்கானல் மலையில் இது நன்றாகத் தெரியும். வத்தலக்குண்டு தாண்டி காட்ரோட்டில் ஏற ஆரம்பித்ததும், டம்டம் பாறைக்கு மேலே வரும் வளைவுகளில் மூன்றாவது கியரிலேயே திரும்பப் பார்த்தால் பாதி வளைவில் வண்டி செத்துவிடும், பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் அடிப்பார். வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு மாற்றி முள்ளை இரண்டாயிரத்துக்கு மேலே வைத்துக்கொண்டால் நாலு பேர், மூட்டை முடிச்சோடு ஏசியையும் அணைக்காமல் பெருமாள்மலை வரைக்கும் அலுங்காமல் ஏறும். மனைவி இதை என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். மலை ஏறி முடித்ததும், ஹைவேயில் நெடுந்தூரம் விரட்டி வந்து நின்றதும், உடனே அணைக்காமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விட வேண்டும், டர்போவில் சூடாக இருக்கும் ஆயில் ஓடிக் குளிர்வதற்கு. பங்கில் "டீசல்" என்று வாயால் சொல்லி, பையன் எந்த நாசிலை எடுக்கிறான் என்று பார்த்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றிவிட்டால் பம்புக்கு வழுவழுப்பு இல்லாமல் போய்விடும். ஊற்றியது தெரிந்துவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாமல் தள்ளிக்கொண்டுபோய் டேங்க்கைக் காலி செய்ய வேண்டும்.

புகையைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. எங்கள் வண்டி பிஎஸ்-4, டிபிஎஃப் இல்லாதது, அதிலிருந்து கரித்துகள் வரத்தான் செய்கிறது. மூன்று பேர் மூன்று வண்டியில் போவதற்குப் பதில் ஒரே வண்டியில் போவது ஒரு சமாதானம். ஏர் பில்டரை நேரத்துக்கு மாற்றுவதும், பில்டரில் சேரும் தண்ணீரை வடிப்பதும், கரும்புகை கண்ணில் பட்டால் அடுத்த சர்வீஸ் வரை தள்ளிப்போடாமல் பட்டறைக்குக் கொண்டுபோவதும் எங்கள் கையில் இருப்பவை. பள்ளி வாசலில் வண்டியை ஐடிலில் விட்டு நிற்பதை மனைவி அறவே நிறுத்திவிட்டார், பிள்ளைகள் மூக்கு சைலன்சர் உயரத்துக்கு வரும் இடம் அது.

2030-ல் எங்கள் வண்டிக்குப் பதினைந்து வருடம் முடியும். அப்போது எஃப்சி காட்டி ஐந்து வருடத்துக்கு ஆர்சியைப் புதுப்பிக்கலாம், 2022-லிருந்து அதற்கான கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. இன்ஜின் தாங்கும் என்று மெக்கானிக் சொல்கிறார், செயின் சத்தம் வந்தால் மட்டும் உடனே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். மனைவிக்கு அதற்குள் திண்டுக்கல் பக்கமே மாறுதல் கிடைத்தால் இந்த வண்டியை வைத்திருக்க மாட்டோம், தினமும் பழனி வரையோ கரூர் வரையோ ஓடுகிற யாருக்காவது கொடுத்துவிட்டு, டவுனுக்கு ஒரு பேட்டரி கார் எடுப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.